சளிக்கு ஒன்று, வறட்டு இருமலுக்கு வேறொன்று

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்கு ஓர் இருமல் சத்தம் கேட்கும். உடனே அடுப்பில் சட்டி ஏறும். துளசி, கற்பூரவல்லி, சுக்கு, மிளகு, அதிமதுரம், மஞ்சள், வெற்றிலை என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் அதற்குள் போகும். குடித்தவருக்கு நெஞ்சு எரியும், வயிறு காந்தும், இருமல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். "நாட்டு மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று அதோடு கைவிட்டுவிடுவார்கள். எந்த இருமல் என்று பார்க்காமல் எல்லா மூலிகையையும் ஒரே சட்டியில் போட்டால் வேறு என்ன ஆகும்? நம் பாட்டிமார்கள் அப்படிச் செய்யவில்லை. அவர்கள் முதலில் இருமலைக் கேட்டார்கள். பிறகுதான் இலையைத் தேடிப் போனார்கள். இந்த அத்தியாயத்தில் நாமும் அந்த வரிசையிலேயே போகலாம்.

இருமலை அடையாளம் காண்பது

நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம், இருமினால் கோழை வருகிறது அல்லது வர மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இது சளி இருமல். இங்கே நமக்கு வேண்டியது சளியை இளக்கி வெளியே தள்ளும் மூலிகை: ஆடாதோடை, தூதுவளை, கற்பூரவல்லி.

கோழை இல்லை, தொண்டையில் கமறல், பேச வாயெடுத்தால் இருமல், படுத்தால் இன்னும் அதிகம். இது வறட்டு இருமல். இதற்குக் காரமான கஷாயம் கொடுப்பது எரிகிற இடத்தில் இன்னும் எரிச்சலைக் கூட்டும். தொண்டையை வழுவழுப்பாக்கும் அதிமதுரம், பனங்கற்கண்டு, தேன், இளஞ்சூடான பால் ஆகியவை இங்கே உதவும்.

மூக்கு அடைத்து, தலை கனத்து, தொண்டைக்குள் நீர் இறங்கி அதனால் இருமல் வந்தால், வைத்தியம் மூக்கில் தொடங்க வேண்டும். உள்ளுக்குக் குடிப்பதைவிட ஆவி பிடிப்பது அங்கே முந்திப் பலன் தரும்.

ஆடாதோடை

கிராமத்து வேலியோரங்களில் ஆளுயரத்துக்கு நிற்கும் புதர்ச்செடி. ஆடுமாடு வாய் வைக்காது என்பதால் வேலிக்கென்றே நட்டு வளர்ப்பார்கள். இலை மாவிலை போல நீண்டு, எதிரெதிராக இரண்டிரண்டாக இருக்கும். கணுக்கள் சற்றுப் புடைத்திருக்கும். பூ வெள்ளை. அருகில் போய்ப் பார்த்தால் வாய் திறந்த பூவின் கீழுதட்டில் மெல்லிய ஊதாக் கோடுகள் தெரியும். இலையைக் கசக்கி நாக்கில் வைத்தால் வேம்புக்குச் சற்றும் இளைக்காத கசப்பு. இந்த அடையாளங்கள் எல்லாம் சேர்ந்து வந்தால் மட்டும் பறியுங்கள்.

இந்தச் செடியைப் பற்றி எனக்கு உள்ள மதிப்புக்கு ஒரு காரணம் உண்டு. இதன் இலையில் வாசிசின் என்ற காரப்பொருள் இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்து வேதியியலாளர்கள் உருவாக்கிய மருந்துதான் ப்ரோம்ஹெக்சின். 1960-களில் விற்பனைக்கு வந்தது. அதிலிருந்து பிறந்த அடுத்த மருந்து அம்ப்ராக்சால். இன்று மருந்துக்கடையில் விற்கும் சளி டானிக் பாட்டில்கள் பலவற்றின் பின்பக்கம் திருப்பிப் படித்தால் இந்த இரண்டில் ஒரு பெயர் இருக்கும். வேலியோரத்துச் செடியிலிருந்து தொடங்கிய வழி அது. ஆகவே இது வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கவும் கூடாது. மருந்து என்பதால் அளவில்லாமல் குடிக்கவும் கூடாது.

செய்முறை எளிது. முற்றிய இலை இரண்டு அல்லது மூன்று. கழுவி, நடுநரம்பைக் கிள்ளிவிட்டு, சிறு துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் கால் டம்ளராகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் ஒரு தேக்கரண்டி தேன் கலந்து, பெரியவர்கள் காலையும் மாலையும் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கலாம். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் காய்ச்ச வேண்டும். காலையில் காய்ச்சியதை மாலைக்கு எடுத்து வைக்காதீர்கள். மூன்று முதல் ஐந்து நாள் போதும். சளி இளகி வெளியேறத் தொடங்கினால் இருமல் முதல் இரண்டு நாள் கூடினாற்போலத் தோன்றும். கோழை எளிதாக வருகிறதா என்பதை வைத்து முன்னேற்றத்தைக் கணியுங்கள். கசப்பு தாங்காதவர்களுக்கு ஆடாதோடை மணப்பாகு என்ற பெயரில் பாகாகவே கிடைக்கிறது. தமிழக அரசின் டாம்ப்கால் நிறுவனமும் சென்னை திருவான்மியூரிலுள்ள இம்ப்காப்ஸும் தயாரிக்கும் மருந்துகளை நம்பி வாங்கலாம்.

கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடவே வேண்டாம். வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை கொண்டது. வீட்டில் மகளோ மருமகளோ முழுகாமல் இருக்கும்போது "இலைதானே, என்ன செய்துவிடும்" என்று யாரும் காய்ச்சிக் கொடுத்துவிடாதீர்கள்.

காய்ச்சுவதா, மூடி வைப்பதா, வாட்டிப் பிழிவதா

வீட்டு வைத்தியம் பலன் தராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கிறது. வேர், பட்டை, கட்டை, கசப்பு இலை ஆகியவற்றில் உள்ள சத்து வெந்நீரில் மெதுவாகத்தான் இறங்கும். அவற்றை ஒன்றிரண்டாக இடித்து, சிறு தீயில் சுண்டக் காய்ச்ச வேண்டும். மாவாகப் பொடித்துவிட்டால் வடிகட்ட முடியாமல் கசடு தொண்டையில் நின்று அதுவே இருமலை வரவழைக்கும்.

வாசனை இலைகளின் கதை வேறு. துளசி, கற்பூரவல்லி, ஓமம், நொச்சி இவற்றின் வீரியம் ஆவியாகிப் பறக்கும் எண்ணெயில் இருக்கிறது. திறந்த சட்டியில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் அடுக்களை முழுக்க மணக்கும். டம்ளரில் நிறம் மட்டும் மிஞ்சும். இவற்றை இடித்தோ கிள்ளியோ பாத்திரத்தில் போட்டு, கொதித்த நீரை ஊற்றி, தட்டால் மூடி 10 நிமிடம் வையுங்கள். மூடியின் அடியில் கோத்திருக்கும் துளிகளையும் தட்டி உள்ளேயே விடுங்கள்.

தடித்த இலைகளைப் பச்சையாகக் கசக்கினால் சாறு சரியாக இறங்காது. கற்பூரவல்லியைக் காய்ந்த தோசைக்கல்லில் போட்டுப் பாருங்கள். மேலே இருக்கும் பூனைமயிர் போன்ற ரோமங்கள் முதலில் படியும். பிறகு இலை பளபளவென்று கரும்பச்சையாகி ஓரங்கள் தளரும். அந்த நொடியில் எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் உள்ளங்கையில் வைத்து முறுக்கினால் ஒரு பெரிய இலையே பல துளிகள் தரும். கருகவிட்டால் ஒன்றும் வராது. ஆடாதோடையிலும் சாறுதான் வேண்டும் என்றால் இட்லித் தட்டில் வைத்து அவித்துப் பிழிவது பழைய முறை.

பாத்திரம் மண்சட்டியாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். அலுமினியம் வேண்டாம்.

தூதுவளையும் கற்பூரவல்லியும்

தூதுவளை மருந்தாகவும் சாப்பாடாகவும் இருக்கும் கொடி. தண்டிலும் இலையின் அடி நரம்பிலும் வளைந்த சிறு முள் இருக்கும், பூ ஊதா, பழம் சிவப்பு. இதே குடும்பத்துக் கண்டங்கத்தரியோடு சிலர் குழப்பிக்கொள்வார்கள். அது தரையோடு தரையாகப் படர்வது. முள் நீண்டு நேராக மஞ்சளாக நிற்கும், பழமும் மஞ்சள். அதற்கும் இருமல் மருந்துகளில் இடமுண்டு என்றாலும் அது வைத்தியர் கையில் இருக்க வேண்டிய சரக்கு, துவையலுக்கு ஆகாது.

இலையின் அடிநரம்பு முள்ளைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, ஒரு கைப்பிடி இலையை நெய்யில் சுருள வதக்குங்கள். இரண்டு காய்ந்த மிளகாய், கொஞ்சம் உளுந்து, சுண்டைக்காயளவு புளி வைத்து அரைத்தால் துவையல். மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைக்கலாம். தோசை மாவில் அரைத்துக் கலக்கலாம். சளி பிடித்து வாய் கசந்து கிடப்பவருக்குக் குழைந்த சோற்றில் தூதுவளை ரசத்தை விட்டுக் கொடுப்பதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. வாரம் இரண்டு முறை என்று மழைக்காலம் முழுவதும் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

கற்பூரவல்லியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு துண்டை ஒடித்துத் தொட்டியில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். இதன் இலையில் கார்வக்ரால், தைமால் என்ற எண்ணெய்ப் பொருள்கள் உள்ளன. ஓமத்தின் வாசனையும் அதே தைமாலிலிருந்து வருவதால்தான் ஊர்ப்பக்கம் பலர் இதை ஓமவல்லி என்றே சொல்கிறார்கள். வாட்டிப் பிழிந்த சாறு ஒரு தேக்கரண்டி, தேன் ஒரு தேக்கரண்டி: பெரியவர்களுக்கு ஒரு வேளை அளவு. மழைக்கு முன்பே, ஆடி மாதத்தில் நட்டு வைத்துவிட்டால் ஐப்பசியில் கைக்கு இலை இருக்கும்.

துளசியும் வெற்றிலையும் நல்லவைதான். ஆனால் நெஞ்சில் கட்டிய சளிக்கு அவற்றை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஆரம்ப நிலைத் தடுமத்துக்கு அவை சரி.

வறட்டு இருமலுக்கு

அதிமதுரக் குச்சியில் சுண்டுவிரலின் ஒரு கணு அளவு துண்டை நறுக்கி, வாயில் அடக்கிக்கொண்டு உமிழ்நீரை மெல்ல விழுங்குங்கள். பள்ளி ஆசிரியர்கள், பாடகர்கள், மேடைப் பேச்சாளர்கள் எல்லாரும் காலங்காலமாகக் கையாளும் வழி இது. நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்காமல் குச்சியாகவே கேளுங்கள். முறித்தால் உள்ளே மஞ்சளாகவும் நார்நாராகவும் இருக்க வேண்டும். மென்றால் இனிப்பு வெகுநேரம் நாக்கில் நிற்க வேண்டும். குன்றிமணிக் கொடியின் வேரும் இனிக்கும், அதை இதற்குப் பதிலாகத் தருவதும் உண்டு. குன்றிமணியின் விதை கொடிய நஞ்சு என்பதால் அந்தக் கொடியின் எந்தப் பகுதியும் வீட்டு வைத்தியத்துக்கு வேண்டாம்.

அதிமதுரத்தில் உள்ள கிளிசரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் இதைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் ஒரு வாரத்துக்கு மேல் தினமும் வாயில் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் கமறலுக்கு: ஒரு டம்ளர் பாலில் இரண்டு சிட்டிகை மஞ்சள்தூள், தட்டிய மிளகு நான்கு, கொஞ்சம் பனங்கற்கண்டு. மிளகு காரத்துக்காக மட்டும் சேர்ப்பதல்ல. அதிலுள்ள பைப்பரின், மஞ்சளின் குர்க்குமினை உடல் கிரகித்துக்கொள்ளத் துணை செய்கிறது. மஞ்சளும் மிளகும் நம் அடுக்களையில் சேர்ந்தே இருப்பது வீணல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பனங்கற்கண்டும் தேனும் சர்க்கரையே என்பதை மறக்காமல் இனிப்பில்லாமல் குடிக்கட்டும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. இரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற மாத்திரைகள் சாப்பிடும் சிலருக்கு அந்த மாத்திரையாலேயே விடாத வறட்டு இருமல் வரும். மாதக்கணக்கில் கஷாயம் குடித்தாலும் அது போகாது. மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அந்தப் பெயர் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்று மாத்திரை கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மூக்கடைப்புக்கு நொச்சி

ஆற்றங்கரை, வாய்க்கால் ஓரம் எங்கும் இருக்கும் நொச்சியை இலைக்கொத்தை வைத்து அறியலாம்: ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள், அடிப்பக்கம் சாம்பல் பூத்த வெண்மை. இரண்டு கைப்பிடி இலையை அகன்ற பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத மேசையிலோ தரையிலோ வைத்தபின் போர்வை போர்த்துங்கள். முகம் ஓர் அடி தள்ளி, கண்ணை மூடி, 5 முதல் 10 நிமிடம் போதும். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொள்வது, அடுப்பு எரியும்போதே அதன் மேல் குனிவது இரண்டும் கூடாது. இளைப்பு உள்ள சிலருக்கு ஆவி பட்டதும் மூச்சு இறுகும், அவர்கள் விட்டுவிடட்டும். சாலையோரச் செடியில் புகையும் தூசியும் படிந்திருக்கும், சாக்கடை ஓரத்தையும் விலக்குங்கள்.

சுக்கு, மிளகு, திப்பிலி

இந்த மூன்றும் சேர்ந்த திரிகடுகம் மந்தித்த பசியைத் தூண்டும், கோழையை அறுக்கும். சுக்கின் மேல்தோலைச் சுரண்டி நீக்கிவிட வேண்டும். மிளகையும் திப்பிலியையும் வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுக்க வேண்டும். மூன்றையும் சம எடையில் பொடித்து, கால் தேக்கரண்டி தேனில் குழைத்துச் சாப்பாட்டுக்குப் பிறகு நாக்கில் தடவிக்கொள்ளலாம். குடற்புண், நெஞ்சுக் கரிப்பு, மூலம் உள்ளவர்களுக்கு இந்தக் காரம் ஆகாது. வலிப்புக்கு ஃபெனிடோயின், ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் சாப்பிடுபவர்கள் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். பைப்பரின் அந்த மருந்துகளின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும்.

2020-இல் தமிழ்நாடு முழுவதும் கொடுக்கப்பட்ட கபசுரக் குடிநீரில் 15 சரக்குகள் உண்டு. ஆடாதோடை, கற்பூரவல்லி, சுக்கு, திப்பிலி எல்லாம் அதில் இருக்கின்றன. அதைப் பார்த்துத்தான் பல வீடுகளில் எல்லாவற்றையும் கலக்கும் பழக்கம் வலுத்தது. ஆனால் அது சித்த மருத்துவ நூல் வகுத்த சேர்மானம், ஒவ்வொரு சரக்குக்கும் சுத்தி முறையும் எடையும் உண்டு. நாம் சட்டியில் அள்ளிப் போடும் கலவைக்கு அந்தக் கணக்கு கிடையாது.

குழந்தைகளுக்கு

ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, கைகால் துவளச் செய்யும் ஆபத்து உண்டு. அந்த வயதில் எந்த இலைச்சாறும் வேண்டாம். தாய்ப்பால் அடிக்கடி கொடுத்தால் போதும். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதும் வேண்டாம். அது சிறிதளவு உள்ளே போனாலே வலிப்பு வரும். குழந்தையைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குனிய வைத்து வெந்துபோன நிகழ்வுகள் ஏராளம்.

இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கு வாட்டிய கற்பூரவல்லிச் சாறு அரைத் தேக்கரண்டி, அரைத் தேக்கரண்டித் தேனில், நாளுக்கு இரண்டு வேளை, மூன்று நாள். அதற்கு மேல் வீட்டில் எதுவும் முயல வேண்டாம்.

குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயதுவரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது நிமோனியாவாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் எண்ணிக்கொண்டு இருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சட்டியை இறக்கி வைக்க வேண்டிய நேரம்

கோழையில் இரத்தம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மூன்று நாளுக்கு மேல் விடாத காய்ச்சல்: இவற்றில் ஒன்று வந்தாலும் கஷாயம் அங்கேயே நிற்க வேண்டும். இரண்டு வாரம் தாண்டிய இருமல் எதுவானாலும் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அது இலவசம், சிகிச்சையும் இலவசம். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள் மூலிகையை நம்பி அதை நிறுத்தக் கூடாது.

சித்த மருத்துவத்திலேயே தொடர விரும்பினால் பதிவு பெற்ற மருத்துவரிடம் போங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், சென்னை அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை, பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை உள்ளன. பல அரசு மருத்துவமனைகளிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. எந்த மருத்துவரிடம் போனாலும் இதுவரை வீட்டில் என்ன குடித்தீர்கள், எவ்வளவு, எத்தனை நாள் என்பதைச் சொல்லுங்கள். கடைச் சரக்காக இருந்தால் பொட்டலத்தைக் கையோடு எடுத்துப் போங்கள்.